பத்தாயிரம் என்று சொல்லுங்கள்

காத்மாண்டு, கௌசாலா, மூன்றாவது மாடி.
நீலத் திரைச்சீலை தொங்கும் அறையில்
கேமரா பிடிப்பது என் வேலை.
பாஸ்போர்ட்டை நெஞ்சுயரத்தில் பிடிக்கச் சொல்வேன்.
பெயர், மாவட்டம், போகும் நாடு, கட்டிய தொகை.
இருபது நொடி.
திக்காமல் சொன்னால் டிக்கெட் கைக்கு வரும்.

சுவரில் அறிவிப்பு:
விசா இலவசம், விமானச்சீட்டு இலவசம்,
செலவு முதலாளியுடையது,
ஏஜென்சிக்குப் பத்தாயிரத்துக்கு மேல்
யாரும் தர வேண்டியதில்லை.
அந்தச் சட்டத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியது
நான்தான்.

அன்று வந்தவர் பிலட் சதா.
இரவு பஸ்ஸின் கசங்கல் சட்டையில் அப்படியே இருந்தது.
தோஹாவில் உயரக் கட்டடங்களுக்குக்
கண்ணாடி துடைக்கும் கம்பெனி.

"நான் பிலட் சதா. சிராஹா மாவட்டம்.
கத்தார் போகிறேன்.
ஒரு லட்சத்து அறுபதாயிரம் கட்டினேன்."

நிறுத்தினேன்.
பத்தாயிரம் என்று சொல்லுங்கள்.

"பத்தாயிரம் ரசீதில் இருக்கிறது, அக்கா.
அது ஆடு விற்ற காசு.
எழுபது ஷியாம்கிஷோரிடம் கொடுத்தேன்,
ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பவர்,
உங்கள் ஆபீஸ் டைரி வைத்திருந்தார்.
எண்பது இதே மேசையில், போன செவ்வாய்.
எண்ணும்போது நீங்கள்தான் ஃபேனை நிறுத்தினீர்கள்,
நோட்டு பறக்கிறது என்று."

ஆமாம்.
நிறுத்தினேன்.

இரண்டாம் முறை
பத்தாயிரம் என்றார், கூரையைப் பார்த்தபடி.
மேனேஜர் உச்சுக்கொட்டினார்.
"கேமராவைப் பார்த்துச் சொல்லணும், ஐயா,
கடவுளைப் பார்த்து இல்லை."

மூன்றாம் முறை, கேமரா ஓடத் தொடங்கியபின்
இன்னொரு தரம் எடுத்துக்கொடுத்தேன்.
சரியாக வந்தது. பெயர், ஊர், நாடு, பத்தாயிரம்.
மேனேஜர் கட்டைவிரல் காட்டினார்.

பிலட் சதா நகரவில்லை.
பாஸ்போர்ட்டை மெல்ல இறக்கினார்.
"அப்படியானால், அக்கா,
நான் கட்டியது பத்தாயிரம்.
உங்கள் பெட்டியிலேயே பதிந்தாகிவிட்டது.
மீதி ஒரு லட்சத்து ஐம்பது என்னுடையதுதானே?
கொடுங்கள்.
மிதிலேஷ் சாஹிடம் திருப்பிவிட்டு வருகிறேன்.
மூன்று வட்டி,
மாதம் நாலாயிரத்து ஐந்நூறு ஏறுகிறது."

பெஞ்சில் காத்திருந்த பையன்கள் சிரித்தார்கள்.
முதலாமவன் சத்தமாக,
இரண்டாமவன் கொஞ்சம்.
மூன்றாமவன்
மடியிலிருந்த ரசீதை எடுத்துப் பார்த்தான்.

மேனேஜருக்குக் கோபம் வரவில்லை, அவர் நல்ல மனிதர்.
"மீதி என்று ஒன்று இருந்தால்தானே கொடுக்க?
நீயே உன் வாயால் சொல்லிவிட்டாய்" என்றார்.

டீ வந்ததும் எனக்கு மட்டும் விளக்கினார்:
ஒரு விசாவுக்கு அங்கே ஒருவன் கை நீட்டுகிறான்,
அவனுக்கு மேலே இன்னொருவன் நீட்டுகிறான்.
"நாமும்தான் கட்டுகிறோம், அனுஜா."
முதலாளி?
"முதலாளிக்கு இலவசம்" என்றார்,
பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே.

இந்த நாற்காலிக்கு நானும் கட்டினேன்.
பானேஷ்வரில் ஒரு கன்சல்டன்சிக்கு
முதல் மாதச் சம்பளத்தில் பாதி.
பதிவுக் கட்டணம் என்றார்கள்.
என்னை யாரும் படம் பிடிக்கவில்லை,
பாதி என்பதால் இருக்கும்.

வியாழக்கிழமை அவர் விமானம் ஏறினார்.
ஃபைலுக்கு இருபது நொடி வெட்டிக் கொடுத்தேன்.
முழுசும் என் போனில் இருக்கிறது,
ஒரு நிமிஷம் ஒன்பது நொடி.
எதற்கு வைத்திருக்கிறேன் என்று கேட்டால்
பதில் இல்லை.
யாருக்கும் அனுப்பவில்லை, அழிக்கவுமில்லை.

மைக்ரோ பஸ்ஸில், ஜன்னலோரம் இடம் கிடைத்தால்
காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன்.
மீதி கேட்கும் இடத்துக்குத் தள்ளிப் போகப் பார்ப்பேன்,
விரல் வழுக்கி ஆரம்பத்துக்கே வந்துவிடும்.
அங்கே நான் இருக்கிறேன்,
அவரைவிடத் தெளிவாக, மைக்குக்கு அவ்வளவு பக்கத்தில்:
பத்தாயிரம் என்று சொல்லுங்கள்.